ஆமையை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்: குளிர்நாட்டில் உள்ள நம் ஊர்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளே,

கார்த்திகை தொடங்கி ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்காக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தோம். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க என்ன செய்வது, பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது, ஹீட்டரை 12 டிகிரிக்குக் குறைத்துவிட்டுப் போவது என்று பயணம் போகிறவர்களுக்கு வேண்டிய செய்திகள் அதில் இருக்கின்றன. ஆமை வளர்ப்பவர்களுக்கென்றும் மூன்று வாக்கியம் இருக்கிறது. எல்லா ஆமையும் குளிர்காலத்தில் உறங்கும் என்கிறது முதல் வாக்கியம். அட்டைப்பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை தீனியோ வெளிச்சமோ வேண்டாம் என்கிறது இரண்டாவது. புதிதாக வளர்க்க ஆசைப்படுபவர்கள் ஊரிலிருந்து சிறு குட்டியாகப் பார்த்துக் கொண்டுவந்தால் சிரமம் இருக்காது என்கிறது மூன்றாவது.

முதல் வாக்கியம் தவறு. இரண்டாவது வாக்கியத்தின்படி நடந்தால் நம்மவர் வீடுகளில் இருக்கும் ஆமைகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். மூன்றாவது, சட்டப்படி குற்றம். இதை முதலில் உங்களிடம் மட்டும்தான் சொன்னோம். அடுத்த ஆண்டு அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. இந்த மார்கழியிலேயே ஃபிரிட்ஜுக்குள் போகப்போகும் ஆமைக்கு அடுத்த ஆண்டு கிடையாது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

எங்களில் சிலர் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவர்கள்; சிலர் கனடாவிலும் பிரிட்டனிலும் பல குளிர்காலங்கள் ஆமை வளர்த்தவர்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து, தை மாதக் கல்யாணங்களைப் பார்த்து, பழனி நடைப்பயணமும் முடித்து அவரவர் திரும்பிப் போனதும் எங்களுக்கு வீடியோ அழைப்புகள் வரத் தொடங்கும். கண் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கில் குமிழி வந்து வந்து உடையும். கழுத்தை முழுக்க நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். "ஆச்சி வீட்டு வளவுல சும்மா திரிஞ்சுச்சே, அதே மாதிரி ஆமைதானே? இதுக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். பலமுறை, அழைப்பு வரும்போதே காலம் கடந்திருக்கிறது.

ஆச்சி வீட்டின் திறந்த முற்றமான வளவுக்கும் குளிர்நாட்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே தொடங்குவோம். நம்மவர் வீடுகளில் அதிகம் வளர்வது நட்சத்திர ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பக்கம் பழமொழி. வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் பணம் சேரும் என்று இன்னொரு பக்கம் வாஸ்து பேச்சு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவதிப்படுவது அந்த உயிர்தான். இந்தியாவின் வறண்ட முள்காடுகளும் புல்வெளிகளும், பாகிஸ்தானின் தென்கிழக்குப் பகுதியும், இலங்கையின் வறண்ட பகுதிகளும்தான் அதன் சொந்த இடம். செட்டிநாட்டில் மார்கழி விடியற்காலையிலேகூட வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரிதான். அதற்குக் கீழே மாதக்கணக்காக வாழும் அவசியம் நம் ஊர் ஆமைக்கு ஏற்பட்டதே இல்லை. கடும் கோடையில் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும்; மழை பெய்ததும் வெளியே வந்து மேயும். அந்த ஒடுக்கம் வெயிலுக்கும் வறட்சிக்கும் ஆனது. குளிரில் உறங்கி எழும் வழக்கம் அதன் உடம்பில் கிடையாது.

5 டிகிரி ஃபிரிட்ஜுக்குள் நட்சத்திர ஆமையை வைத்தால் என்ன ஆகும்? முதலில் குடல் நிற்கும். உள்ளே இருக்கும் இலையும் புல்லும் செரிக்காமல் அழுகி வாயு கட்டும். நோய் எதிர்ப்பு அடங்கிவிடும். மூச்சுப்பாதையில் சளி சேரும். நமக்கு இருப்பதுபோல மூச்சுக்கு உதவும் உதரவிதானத் தசை ஆமைக்கு இல்லை. அதனால் இருமித் துப்ப முடியாது. உள்ளே சேர்ந்தது உள்ளேயே கிடந்து நிமோனியா ஆகும். ஆமை அசையாமல் கிடப்பதைப் பார்த்து நன்றாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். அது தூங்கவில்லை, செயலிழந்து கிடக்கிறது.

ஆப்பிரிக்காவின் சல்கேட்டா, சிறுத்தை ஆமை, தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை ஆகியவற்றுக்கும் இதே கதிதான். குளிர்காலத்தில் உண்மையிலேயே உறங்குபவை ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமையில் பெரும்பாலான வகைகள், மார்ஜினேட்டட் ஆமை, ரஷ்ய ஆமை என்கிற ஹார்ஸ்ஃபீல்டு ஆமை முதலியவை. மத்தியத்தரைக்கடல் கரையிலும் மத்திய ஆசியாவிலும் பனிக்காலத்தை மண்ணுக்குள் கழித்துப் பழகிய இனங்கள் இவை. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சில கிரேக்க ஆமைகள் உறங்குவதில்லை. ஆகவே கிரேக்க ஆமை என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் இருப்பது எந்த இனம் என்று தெரியாதவர்கள் நம்மவரில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு பரிசோதனை சொல்கிறோம். ஆமையை மேசையில் வைத்து மேலிருந்து பாருங்கள். கழுத்து வெளியே வரும் இடத்துக்கு நேர் மேலே, ஓட்டின் முன் விளிம்பில், நட்ட நடுவில், நகத்தளவு ஒடுக்கமான சின்னத் தகடு ஒன்று இருக்கிறதா? நட்சத்திர ஆமை, சல்கேட்டா, சிறுத்தை ஆமை, செங்கால் ஆமை எதற்கும் அது இருக்காது. இரண்டு பக்கத்துப் பெரிய தகடுகளும் நடுவில் நேராகச் சந்திக்கும். அந்தத் தகடு இல்லாத ஆமையைக் குளிரில் வைக்கவே கூடாது. தகடு இருந்தால் உறங்கும் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். எகிப்து ஆமைக்கும் மடகாஸ்கரின் கதிர் ஆமைக்கும் தகடு உண்டு, அவை உறங்குவதில்லை. தகடு இருந்தால் மேற்கொண்டு பாருங்கள். முன்காலில் நான்கே நகம் என்றால் ரஷ்ய ஆமை. வால் நுனியில் கொம்புபோல ஒரு முள் இருந்தால் ஹெர்மன். வாலின் இரண்டு பக்கமும் தொடையில் ஒவ்வொரு முண்டு இருந்தால் கிரேக்க ஆமை. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யும்வரை சூட்டிலேயே வைத்திருங்கள். உறங்கும் ஆமை ஒரு குளிர்காலம் உறங்காமல் இருந்தால் அதனால் சாகாது. உறங்காத ஆமையை ஒரு குளிர்காலம் உறங்க வைத்தால் செத்துவிடும்.

உறங்கும் இனங்களுக்காவது உங்கள் அறிவுரை பொருந்துமா என்றால், அதுவும் பொருந்தாது. ஃபிரிட்ஜில் உறங்க வைப்பது அனுபவசாலிகள் கையாளும் நல்ல முறைதான். ஆனால் அது ஆள் இல்லாத வீட்டுக்கான முறை அன்று. வீட்டில் ஒருவர் இருந்தே தீர வேண்டிய முறை. அதை உள்ளபடி எழுதுகிறோம்.

புரட்டாசி கடைசியிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை குறைந்தது, மூக்கு ஒழுகுவது, அந்த ஆண்டு நோய்ப்பட்டது, வாங்கி ஓராண்டு ஆகாதது, இவற்றை அந்த ஆண்டு உறங்க வைக்கக் கூடாது. உறக்கத்துக்கு முன் குடல் காலியாக வேண்டும். சிறிய ஆமைக்கு இரண்டு வாரம், பெரியதற்கு மூன்று, நான்கு வாரம் தீனியை நிறுத்த வேண்டும். ஆனால் தண்ணீரை நிறுத்தக் கூடாது. நாள்தோறும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை உயரத்துக்கு, இருபது நிமிடம் உட்கார வைத்தால் கழிவு இறங்கும், உடம்பில் நீர் நிறையும். தீனி நிறுத்திய முதல் வாரம் விளக்கும் சூடும் வழக்கம்போல இருக்கட்டும். சூடு இருந்தால்தான் குடல் வேலை செய்து காலியாகும். பிறகு நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி வாரம் 10 முதல் 12 டிகிரி இருக்கும் அறைக்கு மாற்ற வேண்டும். தீனி தின்ற ஆமையை மறுநாளே குளிரில் வைத்தால், உறங்கும் இனமானாலும் வயிற்றில் இருப்பது அழுகி நஞ்சாகும். உங்கள் அறிக்கையில் இந்தத் தயாரிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஃபிரிட்ஜும் சமையலறை ஃபிரிட்ஜ் அன்று. உள்ளே ஃப்ரீசர் இல்லாத சிறிய ஃபிரிட்ஜ் ஒன்றை இதற்கென்றே வாங்க வேண்டும். ஆமையை வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஓடவிட்டு, அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் வெப்பம் வேறு. பின்சுவரை ஒட்டினால் உறைபனி. குறைந்தது, கூடியது இரண்டையும் பதிந்துவைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை ஆமையின் பெட்டிக்குள் இருக்க வேண்டும். காலி இடத்தில் தண்ணீர் நிரப்பிய புட்டிகளை அடுக்கினால் வெப்பம் சட்டென்று ஏறி இறங்காது. வேண்டியது 5 டிகிரி; 3-க்குக் கீழும் 7-க்கு மேலும் போக விடாதீர்கள். சுழியத்துக்குக் கீழே போனால் கண் உறைந்து குருடாகும். 10-ஐத் தாண்டினால் பாதி விழித்து, சேர்த்து வைத்த கொழுப்பைத் தின்னத் தொடங்கும். உள்ளே காற்று மாறுவதற்காக இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கதவைத் திறந்து விசிற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு எடை குறைவது இயல்பு. மொத்தத்தில் பத்துப் பங்கை நெருங்கினால் எழுப்பிவிட வேண்டும். பெட்டிக்குள் சிறுநீர் கழித்திருந்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றைக்கே எழுப்ப வேண்டும். அது சேமித்து வைத்திருந்த நீர் போய்விட்டது. மேலும் கிடந்தால் வறண்டு சாகும்.

ஆறு வாரம் காரைக்குடியில் இருப்பவர் இதில் எதைச் செய்ய முடியும்? கதவைத் திறக்க ஆள் இல்லை, நிறுக்க ஆள் இல்லை, மின்சாரம் போனால் பார்க்க ஆள் இல்லை. எழுப்பும் வேலையும் சின்ன வேலை அன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் அறையில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்துக் குடிக்க விட்டு, விளக்கடியில் விட வேண்டும். ஒரு வாரத்துக்குள் தின்னத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பில் பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் நடப்பதில்லை.

உங்கள் அறிக்கையின் இன்னொரு வரியும் ஆமையைத் தாக்குகிறது. ஹீட்டரை 12 டிகிரிக்குக் குறைத்துவிட்டுப் போகச் சொல்கிறீர்களே, அது குழாய்க்குச் சரி. கூடத்தில் கூண்டில் விட்டுவிட்டுப் போகும் ஆமைக்கு 12 முதல் 15 டிகிரி என்பது ஆகக் கெட்ட வெப்பம். உறங்கும் இனத்துக்கு அது உறங்கப் போதாத குளிர்; எந்த இனத்துக்கும் தின்றது செரிக்கப் போதாத சூடு. பசியும் அடங்காமல் செரிமானமும் இல்லாமல் ஆமை அப்படியே கரையும்.

இனி, நட்சத்திர ஆமைக்குக் குளிர்நாட்டில் என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறோம். சட்டப்படி வாங்கி ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு உங்கள் அறிக்கை சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

வளர்ந்த ஆமை ஒன்றுக்குக் குறைந்தது ஆறடிக்கு மூன்றடி இடம் வேண்டும். குட்டிக்கு ஈரம் தங்கும்படி மேலே மூடிய பெட்டி. தரையில் வைக்காதீர்கள், குளிர்காற்று தரையோடுதான் ஓடும். ஒரு முனையில் வெயில் காயும் இடம் 32 முதல் 35 டிகிரி, மறுமுனை 25 டிகிரி அளவில். இரவில் 22-க்குக் கீழே போகக் கூடாது. வெயில் காய ஒரே ஒரு சிறிய ஸ்பாட் பல்பைத் தொங்கவிடுவது பரவலான தவறு. முதுகில் ஒரே இடம் சுட்டு, மற்ற உடம்பு குளிர்ந்தே இருக்கும். அகலமாகப் பரவும் ஹாலோஜன் பல்பு இரண்டை அருகருகே போட்டால் ஓடு முழுவதும் சீராகச் சூடேறும். இரவுச் சூட்டுக்கு ஒளி தராத செராமிக் ஹீட்டர். அதைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகித் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் ஓட்டாதீர்கள். அதன் முனையை விளக்கடியில் வைக்காமல், ஆமை படுக்கும் இடத்தில், ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். அடியில் வைக்கும் ஹீட் மேட்டும், சூடாகும் கல்லும் வேண்டாம். சூடு மேலிருந்து வரும் என்பதுதான் ஆமைக்குத் தெரியும்; வயிற்று ஓடு வெந்தாலும் நகராமல் அங்கேயே படுத்திருக்கும்.

அடுத்தது ஒளி. வளவில் நடுவானத்தைப் பார்த்துக் கிடக்கும் ஆமைக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. காரைக்குடி 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, ஆண்டு முழுக்க வெயில் தலைக்கு மேல். லண்டன் 51 பாகை, எடின்பரோ 56. அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் கண்ணைக் கூசினாலும், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் யூ.வி.பி. கதிர் போதிய அளவு தரைக்கு வராது. வருவதையும் ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிறோமே என்று சொல்லும் வீடுகளில்தான் அதிகமாக ஓடு மெத்தென்று போன குட்டிகளைப் பார்க்கிறோம். விரலால் ஓட்டின் விளிம்பை அழுத்தினால் ஈரத்தோல்போல உள்ளே அமுங்கும். பின்கால் உடம்பைத் தூக்காமல் இழுபடும். சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரவில்லை என்று பொருள். இதைத் தடுக்க நீளக் குழல் விளக்குதான் வேண்டும், டி5 வகை, 12 சதவீத யூ.வி.பி., ஆமை முதுகிலிருந்து ஒன்றேகால் அடி அளவு உயரத்தில், நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், நாளுக்கு 12 மணி நேரம். சுருள் பல்பு போதாது. குழல் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் ஓராண்டில் யூ.வி.பி. தேய்ந்துவிடும். மாட்டிய தேதியைக் குழலின் முனையிலேயே எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

குளிர்நாட்டு வீடுகளில் ஹீட்டர் ஓடும்போது காற்றில் ஈரம் முப்பது சதவீதத்துக்கும் கீழே போகும். குட்டிகளுக்கு ஓடு கூம்பு கூம்பாகக் கிளம்புவதும், பெரியவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் கல் கட்டுவதும் இந்த வறட்சியால்தான் பெரும்பாலும் வருகின்றன. தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து நான்கு அங்குலம் போட்டு, அடிமண் மட்டும் ஈரமாக இருக்கும்படி ஓரத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மண் நனைந்து, அதோடு குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும். ஈரம் வேண்டும் என்றால் சூடும் கூடவே வேண்டும். குட்டிகளை நாள்தோறும், பெரியவற்றை வாரம் இரண்டு மூன்று முறை, 30 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிடம் விடுங்கள்.

தீனியைப் பொறுத்தவரை, ஊரில் அருகம்புல், மூக்கிரட்டை, சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தி. அங்கே டேன்டிலயன், பிளான்டகோ என்னும் களைச்செடி, காய்ந்த திமோதிப் புல், கடையில் கிடைக்கும் எண்டைவ் கீரை. கணவாய் ஓடு ஒன்று எப்போதும் உள்ளே கிடக்கட்டும். சோறு, இட்லி, பிஸ்கட், நாய்த்தீனி எதுவும் வேண்டாம். பசலை வகைக் கீரையை நாள்தோறும் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பழம் இனிப்பாக இருக்கிறது என்று ஆசையாகத் தின்னும், வயிறு கெடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். புழுவுக்கு மருந்து என்று ஊரில் ஆட்டுக்கும் நாய்க்கும் போடும் ஐவர்மெக்டினை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது ஆமைக்கு நஞ்சு. மிகக் குறைந்த அளவிலேயே கை கால் விழுந்து, மூச்சு நின்று செத்துவிடும். எந்த ஆமைக்கும், எந்த அளவிலும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஆள் இல்லாத வாரங்களுக்கு ஒரே வழி, பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்வதுதான். ஊருக்கு வராத உறுப்பினர்கள் எத்தனையோ பேர் அங்கேயே இருக்கிறார்கள். விளக்கைக் கணக்காக அணைத்துப் போட டைமர் போதும்; ஆமையைப் பார்க்க ஆள் வேண்டும். கூண்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும்: பகல் வெப்பம் இவ்வளவு, இரவு இவ்வளவு, தீனி இது, குளியல் இன்ன கிழமை, எடை இவ்வளவு, மருத்துவர் எண் இது. மின்தடைக்கான ஏற்பாடும் அதே தாளில் இருக்க வேண்டும். 2013 டிசம்பரில் டொராண்டோவில் பனிக்கட்டிப் புயல் அடித்தபோது லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. சில இடங்களில் பல நாள் வரவில்லை. அப்படி ஆனால், காற்றுத் துளை போட்ட தெர்மகோல் பெட்டியில் ஆமையை வைத்து, 40 டிகிரி அளவு வெந்நீர் நிரப்பிய பையைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வைக்க வேண்டும். ஆறியதும் மாற்ற வேண்டும். கையைச் சூடாக்கும் சிறு பொட்டலங்களை மூடிய பெட்டிக்குள் போடக் கூடாது, அவை உள்ளே உள்ள ஆக்சிஜனைத் தின்றுதான் சூடாகின்றன. சூடு திரும்பும்வரை தீனி போடக் கூடாது.

கடைசியாக, ஊரிலிருந்து சிறு குட்டியாகக் கொண்டுவரலாம் என்ற வாக்கியம். எங்களுக்கு மிகுந்த வேதனை தந்தது இதுதான். நட்சத்திர ஆமை, 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். உலக அளவில் 2019-இல் ஜெனிவாவில் நடந்த, அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்த மாநாட்டில் அதை மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். காட்டிலிருந்து பிடித்ததைக் கொண்டு பன்னாட்டு வணிகம் செய்யத் தடை. கடத்தும்போது கால் அசையாமல் துணியில் இறுகச் சுற்றி, டேப் ஒட்டி, சாமான் பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டவை பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சங்கத்தின் தாளில் அச்சான ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் இதைச் செய்து சிக்கினால், வழக்கு அந்தக் குடும்பத்தின் மேல்தான் வரும். தப்பித்துப் போய்ச் சேர்ந்தாலும், அந்தக் குட்டிக்குச் சட்டப்படியான ஆவணம் இல்லை. மருத்துவரிடம் கொண்டுபோகவே பயப்படுவார்கள். எங்களுக்கு இரவில் ரகசியமாக வரும் அழைப்புகளில் பாதிக்குக் காரணம் இதுதான்.

நம் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட ஊரே வெடி வெடிப்பதில்லை. அந்த மண்ணிலிருந்து போனவர்களின் சங்கம், அதே மண்ணின் உயிரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

சுற்றறிக்கையின் அந்த மூன்று வாக்கியங்களையும் திரும்பப் பெற்றுவிட்டதாக, திருத்தம் என்ற தலைப்பிலேயே, முதலில் அனுப்பிய அத்தனை பேருக்கும் இந்த வாரமே அனுப்புங்கள். புதிய அறிக்கையில் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் போதாது. பழையதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன.

ஏற்கெனவே ஃபிரிட்ஜில் ஆமையை வைத்துவிட்டுப் புறப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று உறுப்பினர்களிடம் தொலைபேசியில் கேளுங்கள். இருந்தால், சாவி வைத்திருப்பவரை இன்றைக்கே அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். கழுத்துத் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உறங்காத இனம் என்றால் வெளியே எடுத்து, உடனே விளக்கடிக்குக் கொண்டுபோகாமல், சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, சூட்டுக்குக் கொண்டுவந்து, அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தின்னத் தெம்பு வரும் முன் வாயில் எதையும் திணிக்கக் கூடாது.

ஊரிலிருந்து நட்சத்திர ஆமையோ வேறு எந்த ஆமையோ கொண்டுவருவதைச் சங்கம் ஆதரிக்காது என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டு வெளியிடுங்கள். வளர்க்க விரும்புவோருக்கு அந்தந்த நாட்டில் கைவிடப்பட்ட ஆமைகளைப் பராமரிக்கும் காப்பகங்களைக் காட்டுங்கள். வாங்குபவர்கள் உரிய ஆவணத்தோடு வாங்கட்டும்; பிரிட்டனில் ஹெர்மன், கிரேக்க ஆமைகளை விற்க ஆர்ட்டிகிள் 10 என்னும் விற்பனை அனுமதிச் சான்றிதழ் இருந்தாக வேண்டும் என்பதுபோன்ற விவரங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு நகரத்திலும் ஊர்வன பார்க்கும் மருத்துவர்களின் பட்டியல் ஒன்றையும், பயண வாரங்களில் ஆமையைப் பார்த்துக்கொள்ள முன்வரும் உறுப்பினர்களின் பட்டியல் ஒன்றையும் தயார் செய்யுங்கள். பார்த்துக்கொள்பவர்களுக்கான ஒரு பக்கக் குறிப்பை நாங்களே தமிழில் எழுதித் தருகிறோம். பணம் எதுவும் வேண்டாம்.

அடுத்த ஆண்டு அறிக்கையில் விலங்குகளைப் பற்றி எது எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் அந்த விலங்கைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஆவணிக்குள் எங்களுக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் படித்துத் திருப்பி அனுப்புகிறோம்.

செட்டிநாட்டிலிருந்தும் குளிர்நாடுகளிலிருந்தும்,
ஆமைகளை வளர்ப்பவர்களும் மருத்துவம் பார்ப்பவர்களும்